மூன்று வெள்ளித் தட்டுகள்: திப்பு சுல்தானின் கனவேடும் எண்களின் உட்பொருளும்

கனவில் தோன்றும் எண்ணுக்கு மறைபொருள் தேடும் வழக்கம் நம்மிடையே பழமையானது. அவ்வெண்ணை அப்ஜத் கணக்கின்படி எழுத்துகளாக்கிப் பெயர் காண்போர் உளர். தாயத்துக் கட்டங்களில் இட்டு நிரப்புவோரும் உளர். 2003 இல் தமிழகத்தில் லாட்டரி விற்பனை தடைசெய்யப்படும் வரை, கனவில் கண்ட எண்ணுக்குச் சீட்டு வாங்கியோரும் உண்டு. இவ்வழக்கத்தை வரலாற்றின் ஒளியில் ஆராயத் தருமபுரி மாவட்டத்தார் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

மாரண்டஹள்ளி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி ஆகிய ஊர்கள் அமைந்த நிலப்பகுதி முன்னர் பாராமகால் எனப்பட்டது. 'பாரா' என்பது பன்னிரண்டைக் குறிக்கும். பன்னிரண்டு கோட்டைகளால் இப்பெயர் வந்தது என்பர். ஆனால் அப்பன்னிரண்டு எவை என்பதில் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. எண் நிலைத்துவிட்டது, எண்ணப்பட்டவை மறதியில் கலந்துவிட்டன. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்த இப்பகுதி, 1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். அவருடைய அரண்மனையில் கர்னல் கிர்க்பாட்ரிக் ஒரு சிறிய ஏட்டைக் கண்டெடுத்தார். சுல்தான் தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதி, பிறர் கண்ணில் படாது காத்த கனவுக் குறிப்புகள் அவை. முப்பத்தேழு கனவுகள் அதில் பதிவாகியுள்ளன. லண்டனுக்கு அனுப்பப்பட்ட அவ்வேடு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மஹ்மூத் ஹுசைன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1957 இல் கராச்சியில் வெளியிட்டார்.

சுல்தான் எண்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தவர். அவர் வகுத்த நாட்காட்டியில் அஹ்மதி, பஹாரி, ஜஅஃபரி என மாதப் பெயர்களின் முதலெழுத்தே மாதத்தின் வரிசை எண்ணை உணர்த்தும். அலிஃப் ஒன்று, பே இரண்டு, ஜீம் மூன்று என்பது அப்ஜத் முறை. பின்னர் அதனைக் கைவிட்டு, அரபு நெடுங்கணக்கின் வரிசையைப் பின்பற்றும் வேறொரு முறைக்கு மாறினார்.

அத்தகையவர் ஒரு கனவில் மூன்று வெள்ளித் தட்டுகளில் புத்தம்புதுப் பேரீச்சம்பழங்களைக் கண்டார். மூன்று பகைவர்களின் நாடுகள் தம் கைக்கு வரும் என அதற்குத் தாமே விளக்கமும் எழுதினார். ஆங்கிலேயர், மராட்டியர், நிஜாம் என்னும் மூவரும் ஒன்றுகூடி அவரை எதிர்த்ததே மூன்றாம் மைசூர்ப் போர். விழிப்பில் உள்ளத்தை அழுத்திய 'மூன்று' கனவிலும் தட்டுகளாக வந்தது எனக் கருத இடமுண்டு. விளக்கமோ பலிக்கவில்லை, 1799 இல் அவருடைய நாடே பிறரால் கூறுபோடப்பட்டது.

இதனால் கனவில் எண்ணுக்குப் பொருளே இல்லை எனலாமா? திருக்குர்ஆன் அவ்வாறு கூறவில்லை. யூசுஃப் (அலை) கண்ட பதினொரு நட்சத்திரங்கள் பதினொரு சகோதரர்களாயின. எகிப்து மன்னன் கண்ட ஏழு கொழுத்த பசுக்களும் ஏழு மெலிந்த பசுக்களும் செழிப்பும் பஞ்சமுமான ஈரேழு ஆண்டுகளாயின. ஈண்டு எண் ஓர் அளவு, எழுத்துக் கணக்கன்று. அதன் விளக்கம் தானியத்தைக் கதிரோடு சேமிக்கும் கடமையில் சென்று முடிந்தது.

நபித்தோழர் சிலர் லைலத்துல் கத்ர் இரவை ரமளானின் இறுதி ஏழு நாட்களில் இருப்பதாகக் கனவு கண்டனர். அக்கனவுகள் ஒத்திருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்நாட்களில் அவ்விரவைத் தேடுமாறு பணித்தார்கள் என்று புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் அறிவிக்கின்றன. இங்கும் எண் வணக்கத்துக்கு வழிகாட்டியது. செல்வத்துக்கோ சோதிடத்துக்கோ அன்று.

நற்கனவு நுபுவ்வத்தின் நாற்பத்தாறில் ஒரு பங்கு என்னும் ஹதீஸும் இத்தகைய ஆய்வுக்கு உள்ளானது. வஹீயின் காலம் இருபத்து மூன்று ஆண்டுகள்; அதன் தொடக்கத்தில் கனவுகள் வந்தது ஆறு மாதங்கள்; ஆகவே நாற்பத்தாறில் ஒன்று எனச் சிலர் கணக்கிட்டனர். ஹிஜ்ரி 808 இல் மறைந்த இப்னு கல்தூன் இதனை ஏற்கவில்லை. அக்கணக்கு நம் நபிக்கு மட்டுமே பொருந்தும் என்றும், வேறு அறிவிப்புகளில் எழுபது போன்ற எண்களும் உள்ளன என்றும் முகத்திமாவில் சுட்டினார். இறைநம்பிக்கை மிக்க அறிஞர் ஒருவரே எண்ணின் மீது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதை மறுத்தார் என்பது நாம் கவனிக்கத்தக்கது.

கனவு மூவகை என ஹதீஸ் பகுக்கிறது: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் ஊட்டும் துயரம், மனிதன் தன் உள்ளத்தோடு பேசிக்கொள்வது. இம்மூன்றாவதை முதலாவதாக எண்ணி மயங்குவதே நமக்குள்ள ஆபத்து. எண் துல்லியமானது, அதனால் நம் விருப்பத்துக்கும் துல்லியத்தின் தோற்றத்தை அது எளிதில் தந்துவிடுகிறது. கனவு ஷரீஅத்தில் ஆதாரமாகாது என அறிஞர்கள் வரையறுத்ததன் நுட்பம் இதுவே.

சுல்தானைக் குறைகூற இவற்றை எழுதவில்லை. அவர் தம் கனவைக் காட்டி எவரையும் ஏய்க்கவில்லை. நாளும் மாதமும் குறித்துத் தமக்கென எழுதி வைத்தார். பலிக்காத விளக்கமும் அழிக்கப்படாமல் அவ்வேட்டில் நிற்கிறது. கனவில் எண் கண்டவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது என்னை எந்தக் கடமைக்கு அழைக்கிறது? விடை கிடைத்தால் அதைச் செய்யட்டும். கிடைக்காவிடில் எண்ணை எண்ணாகவே விட்டுவிடட்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.