ராம் ஸ்டிக்கரின் ஒற்றை வரி

வீட்டில் இருப்பது எச்61 மதர்போர்டு, ஐ3-2100 பிராசசர், 2 ஜிபி ராம். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் ஹார்ட் டிஸ்க் முனகும். பழைய டிடிஆர்3 ராம் தேடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால், கைக்கு வரும் ஸ்டிக்கில் இப்படி ஒரு வரி இருக்கும்:

4ஜிபி 2ஆர்×8 பிசி3-12800யு-11-11-பி1

4ஜிபி: கொள்ளளவு. எல்லாரும் கேட்பது இதை மட்டும்தான். எச்61 போர்டில் இரண்டே ஸ்லாட். 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டு போட்டால் டூயல் சேனல் வேலை செய்யும். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

2ஆர்×8: காசு தொலைவது இங்கேதான். ஒரு சிப் ஒரு தடவைக்கு 8 பிட் தரும் என்பது ×8. பிராசசர் கேட்பது 64 பிட். ஆக எட்டு சிப் சேர்ந்தது ஒரு ரேங்க். 2ஆர் என்பதால் இரண்டு ரேங்க், மொத்தம் பதினாறு சிப். கடைத்தெருவில் பாதி விலைக்கு ‘ஏஎம்டி மட்டும்’ என்று ஒரு சரக்கு வரும். அதில் ×4 சிப்; இன்டெல் போர்டு அதை ஏற்காது. எண்ணினால் அங்கேயும் பதினாறுதான் இருக்கும்! அப்படி எண்ணி ஏமாந்து ஒன்று வாங்கி வந்தேன். திரை கறுப்பாகவே நின்றது. பீப் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. ஸ்டிக்கரில் இந்த வரியே இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பிசி3: டிடிஆர்3. டிடிஆர்2-க்கும் 240 பின்தான். ஆனால் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் உட்காராது.

12800: வினாடிக்கு இத்தனை மெகாபைட், ராமின் வேகமான 1600-ஐ 8 பைட்டால் பெருக்கி வந்த கணக்கு. கடைக்காரர் அழுத்திச் சொல்வது இந்த எண்ணைத்தான். ஐ3-2100-இலோ ராம் 1333-க்கு மேல் ஓடாது. அந்த 1333-க்கு உரிய 10600 என்று போட்ட ஸ்டிக் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

யு: ஒற்றை எழுத்துதான், ஆனால் வரியிலேயே கனமானது. டெஸ்க்டாப்புக்கு உரியது இது. ‘எஸ்’ என்றால் லேப்டாப் ராம். குட்டையாக இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். ‘ஆர்’ அப்படியல்ல. சர்வரிலிருந்து கழற்றியது, நீளமும் வெட்டும் ஒன்றேதான், ஸ்லாட்டில் சமர்த்தாக உட்காரும். கம்ப்யூட்டர் மட்டும் எழாது. அடிமாட்டு விலைக்கு வருவதும் அதனால்தான்.

11-11-பி1: முதல் 11 தாமதக் கணக்கு, அடுத்தது எஸ்பிடி பதிப்பு, பி1 பலகை வடிவமைப்பு. வாங்குகிறவருக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

வரியில் இல்லாதது அழுக்கு. பழைய ஸ்டிக்கின் தங்கநிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரு பக்கக் கொக்கியும் ‘டக்’கென்று மூடும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால் மறுபடியும் அதே பீப்தான்.