தெரு கோடாகும்போது

துபாய் நைஃப் சாலையில் ஒரு விடுமுறை நாள் மாலை எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, முகங்களையெல்லாம் கலைத்து, வெறும் நிறத் தீற்றல்களாக்கி நண்பர் ஒருவர் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. "இதில் நம் ஆட்கள் எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆனால் கேள்வி பழையது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற புகைப்படக்காரர், நியூயார்க்கில் உயர்ந்த கோபுரம் ஒன்றிலிருந்து பனி மூடிய மேடிசன் சதுக்கத்தைப் படமெடுத்தார். நடைபாதைகள் ஆக்டோபஸின் கைகளாக விரிந்தன. 1917இல் மூன்று கண்ணாடிகளை லென்ஸுக்கு முன் பொருத்தி, பொருள் இன்னதென்றே தெரியாத படங்களையும் எடுத்தார்.

1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். 176க்கு 176, மொத்தம் 30,976 புள்ளிகள். படம் எண்ணாகிவிட்டால் கூட்டலாம், கழிக்கலாம். 1990இல் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்ததும், அந்த வசதி சாதாரண மேசைக்கும் வந்து சேர்ந்தது.

இனி நம் வளைகுடாவுக்கு வருவோம். 2004இல் பஹ்ரைனின் சகீர் பாலைவனத்தில் கார் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதை ஹெலிகாப்டரிலிருந்து பல படங்களாக எடுத்து, கணினியில் இணைத்தார் ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி. 2005இல் உருவான 'பஹ்ரைன் 1' மூன்று மீட்டர் உயரம். மணல் நிறத்தின் மேல் கருந்தார் வளைந்து நெளிகிறது. எந்தத் தடம் எங்கே போகிறதென்று சொல்ல முடியாது. இதே குர்ஸ்கிதான் 1999இல் ரைன் நதிப் படம் ஒன்றிலிருந்து, நாயோடு நடந்தவர்களையும் கட்டடத்தையும் கணினியில் நீக்கியவர். 2011இல் அது சுமார் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நீக்குவது தவறா? முகத்தை மறைப்பதில் மரியாதையும் உண்டு. அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிடும் விதமாகப் படமெடுப்பதை எமிரேட்ஸின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம் தண்டிக்கிறது. ஆனால் தார் ஊற்றியவனும் அந்தக் கருங்கோட்டுக்குள் கரைந்துவிடுகிறானே!

கணக்கன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பேலன்ஸ் ஷீட்டில் ஆள் பெயர் இராது, கூட்டுத்தொகைதான் இருக்கும். அதற்குப் பின்னால் வவுச்சர் கோப்பு இல்லையென்றால் தணிக்கையில் நிற்காது. படத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். மூலப் படத்தை மட்டும் அழிக்காதீர்கள். தேதியும் தெருப் பெயரும் எழுதி வையுங்கள். நாம் இங்கே வாழ்ந்தோம் என்பதற்கு அதுதான் வவுச்சர்.