அம்பாறை எப்படி எமது தலைநகரானது?



கச்சேரியில் ஒரு வேலை என்றால் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை தாண்டி, வயல்களுக்கு நடுவே போகிறோம். 'எமது மாவட்டத் தலைநகர் அம்பாறை' என்பது சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமான ஒரு வரி. அந்த வரிக்கு எழுபது வயதுகூட ஆகவில்லை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று பழைய ஊர்கள் இருக்க, உள்ளே இருந்த அம்பாறைக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது?

வெள்ளைக்காரர் காலத்தில் அம்பாறை, வேட்டைக்குப் போவோர் தங்கிச் செல்லும் இடம். அந்தப் பக்கம் முழுவதும் வெறுங்காடு என்றும் சொல்லிவிட முடியாது. தீகவாபித் தூபி பழங்காலத்தது. இறக்காமம், சம்மாந்துறைப் பக்கம் மக்கள் காலங்காலமாக வேளாண்மை செய்தார்கள். ஆற்றுத் தண்ணீரும் பழைய குளங்களும்தான் அவர்களுக்கு நம்பிக்கை. அந்த ஆற்றை நாம் பட்டிப்பளை ஆறு என்போம், அரசாங்கக் கோப்புகளில் அது கல்லோயா.

1949இல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தார். இங்கினியாகலையில் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணையைக் கட்டியது. உருவான சேனநாயக்க சமுத்திரம் சுமார் 770,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும். அணை வேலையாட்கள் குடியிருக்கத்தான் அம்பாறை முதலில் ஊரானது. பிறகு சபையின் அலுவலகங்கள், விடுதிகள், வீதிகள் எல்லாம் வந்தன. வேலைக்காம்பு பட்டினமாகியது.

கீழே கொளனிகள் திறக்கப்பட்டன. ஆரம்பத்தில் ஒரு குடும்பத்துக்கு 4 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டுக்காணி. கண்டி, கேகாலைப் பக்கத்துக் காணியற்ற சிங்கள விவசாயிகள் வந்தார்கள். எம்மவர்களுக்கும் தமிழர்களுக்கும் காணி கிடைத்தது. சென்றல் காம்ப், நாவிதன்வெளிப் பக்கத்துக் கொளனிகளைப் பார்த்தால் தெரியும். ஆகவே கல்லோயாவால் நமக்கு இழப்பு மட்டும்தான் என்று எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. குளத்துத் தண்ணீர் இல்லாவிட்டால் இன்று நாம் காணும் சிறுபோகம் ஏது?

ஆனால் அதே மண்ணில்தான் 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டத்தோடு, சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் இனக்கலவரம் நடந்தது. கொல்லப்பட்டோர் நூற்றுக்கும் அதிகம் என்பதே பொதுவான கணிப்பு. அதில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1961 ஏப்ரலில், மட்டக்களப்பு மாவட்டம் பிரிக்கப்பட்டது. கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரம் புதிய அம்பாறை மாவட்டத்துக்குள் வந்தது. அதுவரை எமது மூத்தவாப்பாமாருக்குக் கச்சேரி என்றால் மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரிதான். தூரக் கணக்கில் அம்பாறை அதைவிடக் கிட்ட, இதை மறைக்கத் தேவையில்லை. கட்டடமும் வீதியும் தயாராக இருந்த ஊரை அரசாங்கம் தெரிவு செய்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் 1960 தேர்தலிலேயே அம்பாறை தனித்தொகுதியாகிவிட்டதை வைத்துப் பார்த்தால், கட்டடம் மட்டுமே காரணம் என்று நம்ப முடியவில்லை.

விளைவு என்ன? தண்ணீர் புறப்படும் பக்கத்திலேயே நிர்வாகமும் போய் உட்கார்ந்தது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவன், தண்ணீருக்கும் பத்திரத்துக்கும் மேலே போக வேண்டியவனானான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் சுமார் ஆறரை இலட்சம் பேர். முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. பத்துப் பேரில் ஆறு பேர் தமிழ் பேசும் மாவட்டம் இது. தமிழில் அலுவல் நடக்கும் கரையோர மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும், எம்.எச்.எம். அஷ்ரஃப் முன்வைத்த தென்கிழக்கு அலகும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். இரண்டும் இன்னும் கோரிக்கையாகவே இருக்கின்றன.

(அம்பாறை தூரம் என்கிற நாம், பக்கத்துக் கல்முனையிலிருந்தும் பிரிய நகரசபை கேட்டோம். 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

1961க்கு முன் மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போய்வந்தவர்கள், கொளனியில் முதற்காணி எடுத்தவர்கள் ஒரு சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எப்படிப் போனார்கள், எங்கே தங்கினார்கள், பத்திரம் எந்த மொழியில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பழைய காணிப் பத்திரம் இருந்தால் அதன் ஆண்டை மட்டும் கீழே பதியுங்கள்.