பாலிஎத்திலீன் உள்ளுறை (இடுப்பு மூட்டு)
செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்குள் பொருத்தப்படும் பிளாஸ்டிக் உறை. மூட்டின் பந்து சுழல்வது இதன்மீதுதான். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, பலருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 1962இல் அவர் உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு மாறினார். இவ்வுறையின் உண்மையான தொடக்கம் அதுவே.

உறை மெலிவதைவிட, அதிலிருந்து உதிரும் நுண்துகள்களே பெரிய கேடு. அவற்றை விழுங்கும் தற்காப்பு உயிரணுக்கள் அழற்சியைத் தூண்ட, சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு தளர்கிறது. காற்றுபடக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்த பழைய உறைகள் ஆக்சிஜனேற்றத்தால் நொறுங்கும் தன்மை அடைந்தன. 1990களின் இறுதியில் வந்த, மூலக்கூறுச் சங்கிலிகளிடையே குறுக்குப்பிணைப்பு மிகுந்த வகை, ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. என்றிருந்த தேய்மானத்தைப் பெரிதும் குறைத்தது. குறுக்குப்பிணைப்பை உண்டாக்கும் கதிர்வீச்சு, ஆக்சிஜனேற்றத்துக்கு வழிவகுக்கும் தனி உறுப்புகளை (free radicals) விட்டுச்செல்லும்; அவற்றை அகற்ற அதை உருக்குவர். இதனால் வலிமை சற்றுக் குறையும். வைட்டமின் ஈ கலப்பது மாற்று வழி.