ரம்மியில் எதிராளியைக் கணித்தல்

போக்கரில் எதிராளியின் பந்தயத்தைப் படிப்பது போல, ரம்மியில் அவர் கழித்துப்போடும் சீட்டைப் படிக்க வேண்டும். கோவை, ஈரோட்டு மனமகிழ் மன்றங்களிலும் கல்யாண மண்டபத்து மாடிகளிலும் நடக்கும் 13 சீட்டு ரம்மியில் ஜோக்கரைவிட இந்தக் கணிப்பே பல நேரம் கைகொடுக்கிறது.

ஒருவருக்கு ஸ்பேடு 8 தேவை என்று கொள்வோம். அவர் வேண்டுமென்றே ஸ்பேடு 9-ஐக் கீழே போடுகிறார். அந்த வரிசை அவருக்கு வேண்டாம் என்று நம்பி எதிராளி 8-ஐக் கழித்தால் தூண்டில் பலித்தது. ஆனால் ‘இவர் தூண்டில் போடுகிறவர்’ என்று பெயர் வாங்கிவிட்டால் அதே சீட்டு பலிக்காது. அவர் உண்மையிலேயே வேண்டாமென்று போடுவதையும் சந்தேகிப்பார்கள். கெட்ட பெயருக்கும் இங்கே விலை உண்டு. 101 புள்ளி ஆட்டத்தில் எடுத்ததுமே 20 புள்ளியோடு விலகுவதை வழக்கமாகக் கொண்டவர், ஒருநாள் விலகாமல் உட்கார்ந்தாலே மற்றவர்கள் உஷாராகிவிடுவார்கள். போக்கரிலும் அடக்கி ஆடுபவரின் பெரிய பந்தயத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என முடிவெடுப்பதும் திறமையே என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கூறியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியுடன் போக்கரையும் திறமை ஆட்டமாக ஏற்றது. ஆனாலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை ஒன்றிய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.