மாட்டின் ஏப்பத்தை எதனால் வகுப்பது?

சந்திரகிரியைச் சுற்றியுள்ள கொட்டில்களில் வைக்கோலும் கடலைக்கொடியும் தின்னும் பசு புவி வெப்பமடைதலில் எவ்வளவு குற்றவாளி என்ற வழக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழமையுடையது. முதல் இரைப்பையில் நார்த்தீவனம் நொதிக்கையில் பிறக்கும் ஹைட்ரஜனை நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றுகின்றன. மாடு அதைப் பெரும்பாலும் ஏப்பமாக விடுகிறது. தீவனம் எவ்வளவு மட்டமோ, பாலாக மாறாமல் வீணாகும் பங்கு அவ்வளவு கூடும்.

1986இல் பால் குருட்சனும் அவர்தம் சகாக்களும் வளர்ந்த நாடுகளின் மாட்டுக்கு ஆண்டுக்கு 55 கிலோ, வளரும் நாடுகளின் மாட்டுக்கு 35 கிலோ மீத்தேன் என மதிப்பிட்டனர். தலைக்கணக்கில் நம் மாடு எளியதுதான். ஆனால் தலைகள் மிகுதி. அமெரிக்க ஆய்வு நிறுவனமொன்று 1990இல் இந்தியாவை முன்னணி உமிழ்வு நாடுகளுள் வைத்தபோது, அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் மறுப்பெழுதினர். ஏழையின் மாடும் செல்வந்தரின் மகிழுந்தும் ஒரே தராசில் ஏறலாகாது என்பது அவர்களின் வாதம். அறத்தில் அது வலுவானது. எனினும் தீவனத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

2006ஆம் ஆண்டின் ஐ.பி.சி.சி. வழிகாட்டியைப் பாருங்கள். கறவை மாட்டுக்கு வட அமெரிக்காவில் 128 கிலோ, இந்தியத் துணைக்கண்டத்தில் 58 கிலோ. அதே அட்டவணை கொள்ளும் ஆண்டுப் பாலளவோ முறையே 8,400 கிலோ, 900 கிலோ. வகுத்தால் ஒரு கிலோ பாலுக்கு அங்கே சுமார் 15 கிராம், இங்கே 64 கிராம். குற்றவாளி இடம் மாறிவிடுகிறார்! சாணமும் உழவும் இவ்வகுத்தலில் கணக்கேறவில்லை என்பதையும் மறக்கலாகாது.

பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் பேணிவரும், மூன்றடி உயரமுள்ள புங்கனூர் மாடு இவ்விரு கணக்குகளுக்கும் நடுவில் நிற்கிறது. தலைக்கு அளந்தால் அது வெல்லும். லிட்டருக்கு அளந்தால் கலப்பின மாட்டிடம் தோற்கக்கூடும்.

பெங்களூரிலுள்ள தேசிய விலங்கு ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் டானின் செறிந்த தாவரப் பொருள்களால் 'ஹரித் தாரா' என்னும் தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. மீத்தேன் 17 முதல் 20 விழுக்காடு குறைவதாக அந்நிறுவனம் அறிவித்தது. நாள்தோறும் தீவனத்தில் கலக்க வேண்டிய பொருள் இது. மேய்ச்சலையே நம்பும் மாட்டை அது எவ்வாறு எட்டும்? தேசியப் பால்வள வாரியத்தின் சமச்சீர் தீவனத் திட்டமே எனக்கு நெருக்கமான வழியாகப் படுகிறது. பிண்ணாக்கையும் தாது உப்பையும் அளவறிந்து சேர்த்தாலே பால் கூடி, லிட்டருக்கான மீத்தேன் குறைகிறது. ஆனால் பிண்ணாக்கை உழவர் விலை கொடுத்தே வாங்க வேண்டும். அவ்விலையைப் பால் கொள்முதல் விலை ஈடுகட்டுமா என்பதற்கு எந்த உமிழ்வு அட்டவணையிலும் கட்டம் கிடையாது.