ரெங்கத்தில் எரியும் விளக்குக்கு நிலக்கரி எங்கிருந்து வருகிறது? ஏற்றுமதி முனையங்களின் கதை

ரெங்கத்தில் நீங்கள் சுவிட்சைத் தட்டுறீங்க, விளக்கு எரியுது. அந்த மின்சாரத்தில் நிலக்கரிக்கும் பெரிய பங்கு உண்டு, தெரியுமா?

பொந்தியான் மாவட்டத்தில் உள்ள தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையத்தின் மொத்தத் திறன் 3,100 மெகாவாட். ஆனால் ஜொகூரில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில்தான் நிலக்கரி மலேசியாவுக்கு வருகிறது. அங்கே அதைக் கப்பலில் ஏற்றும் இடம்தான் ஏற்றுமதி முனையம்.

எப்படி வளர்ந்தது?

உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசல். 1799-இலேயே அங்கிருந்து வங்காளத்துக்கு நிலக்கரி போனது. நவீன முனையங்கள் பிறகு வந்தவை: 1976-இல் கேரிங்டன், 1984-இல் கூராகாங், 2010-இல் மூன்றாவது.

உள்ளே என்ன நடக்கிறது?

சுரங்கத்திலிருந்து ரயில் வருகிறது. பெட்டிகளின் அடிப்பகுதி திறந்து நிலக்கரி கீழே கொட்டுகிறது. கன்வேயர் பெல்ட் அதைத் திடலுக்குக் கொண்டுபோய் மலைபோல் குவிக்கிறது. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். கப்பல் வந்ததும், ராட்சதச் சக்கர இயந்திரம் குவியலை அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போடும். அது நேராகக் கப்பலுக்குள் போய் விழும்.

நெரிசலும் ஆபத்தும்

2007 ஜூன் மாதம் 50-க்கும் மேற்பட்ட கப்பல்கள் நியூகாசலுக்கு வெளியே கடலில் வரிசையில் காத்திருந்தன. அப்போது வீசிய புயலில், 225 மீட்டர் நீளமுள்ள 'பாஷா பல்கர்' கரையில் தரை தட்டியது. கப்பலில் இருந்த 22 பேரையும் ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

இனி என்ன?

வரிசை நீண்டதால் நான்காவது முனையம் கட்டத் திட்டமிட்டார்கள். 2015-இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் இருக்கும் முனையங்களே போதும் என்று 2018-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

வாங்கும் நாடுகளும் மாறி வருகின்றன. 2044-க்குள் நிலக்கரி மின்நிலையங்களை நிறுத்துவது மலேசியாவின் இலக்கு. இது சுலபமான வேலை இல்லீங்க. சூரியன் மறைந்த பிறகும் விளக்கு எரியணும், கட்டணமும் கட்டுப்படியாகணும். ஏற்றுமதித் துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கும் வேறு வழி வேண்டும்.

அடுத்த முறை மின்கட்டண பில்லைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் ஒரு ரயிலும் கப்பலும் இருந்திருக்கலாம் என்பதை ஞாபகம் வைச்சுக்கோங்க.